பீரோ நிறையத் துணி, உடுத்த ஒன்றுமில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோவைப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறார். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். சுவர்ப் பூச்சு, பெயின்ட், பின்பக்கத் தோட்டம் என்று வீட்டில் ஏதாவது ஒரு வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆபீஸ் போன காலத்துப் புடவையும் சுடிதாரும் பீரோவை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பாதிக்கு ஜாக்கெட் பத்தவில்லை. தினமும் மாற்றி மாற்றிப் போடுவது சாயம் போன சில நைட்டிகளைத்தான். ஆசைப்பட்டு நல்லதாக வாங்கினாலும் ஒரே மாதத்தில் கறை. "33 உருப்படி இருந்தால் போதும் என்கிறார்களே, அப்படி எனக்கும் ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள், ஆடித் தள்ளுபடியில் வாங்கிவிடுகிறேன்" என்கிறார்.

பட்டியல் போடலாம். ஆனால் அதில் முதலில் வரவேண்டியது வெளியே போட்டுக்கொண்டு போகிற துணி இல்லை, மண்ணில் இறங்கும்போது போடுகிற துணி. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் பீரோ நிரம்பிக்கொண்டே போகிறது.

நம் வீடுகளில் வேலைத் துணி என்று யாரும் தனியாக வாங்குவதில்லை. வெளியே போட்டது பழசானால் வீட்டுக்கு, வீட்டில் கிழிந்தால் தோட்டத்துக்கு, அதற்கப்புறம் தரை துடைக்க. ஆபீஸுக்குத் தினமும் போய்க்கொண்டிருந்தவரை இந்த வரிசை சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் மேலே வாங்கியது மெதுவாகக் கீழே இறங்கிவந்தது. இப்போது உங்களுக்கு நாளின் பெரும்பகுதி கீழ்ப்படியில்தான் போகிறது. அங்கே துணி தேய்ந்துவிட்டது, மேலிருந்து இறங்கிவர ஒன்றுமில்லை. கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு "செடிக்குத் தண்ணீர் மட்டும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்" என்று இறங்குவீர்கள். காய்ந்த வாழை மட்டை கண்ணில் படும், அதை ஒரு இழு இழுப்பீர்கள். புதுச் சுடிதார் போச்சு. நல்ல துணி கெடுவது பெரும்பாலும் இந்த ஐந்து நிமிட வேலையில்தான். வேலைத் துணி சரியாக இருந்தால், வேறெதுவும் வாங்காமலே மற்றத் துணியின் ஆயுள் கூடிவிடும்.

அந்த 33 கணக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். மூன்று மாதத்துக்கு 33 உருப்படி என்பது அமெரிக்காவில் 2010 வாக்கில் தொடங்கிய ஒரு சவால். செருப்பு, நகை, கைப்பை எல்லாம் அந்த எண்ணிக்கைக்குள் வரும். ஆனால் உள்ளாடை, தூங்கும் உடை, வீட்டுக்குள் மட்டும் போடும் உடை, உடற்பயிற்சி உடை இதெல்லாம் கணக்கில் சேராது! உங்கள் பிரச்சினை முழுவதும் அந்த 'சேராது'வுக்குள்தான் இருக்கிறது. இன்னொன்று, குளிர் நாட்டில் ஒரு ஸ்வெட்டரைப் பல நாள் துவைக்காமல் போடலாம். இங்கே சித்திரை வைகாசியில் காலையில் போட்டது மதியத்துக்குள் வியர்வையில் நனைந்துவிடும். ஒரு தடவை போட்டால் வாளிக்குத்தான் போகவேண்டும். அதனால் இங்கே எண்ணிக்கையைத் துவைக்கிற நாளை வைத்துத்தான் போடவேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைக்கிறீர்கள், காய எத்தனை நாள் ஆகிறது, இரண்டையும் கூட்டிக் கையிருப்பாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்து, ஒரு நாளில் காய்ந்துவிட்டால் 4 செட். ஐப்பசி கார்த்திகை மழையில் காய இரண்டு நாள் பிடிக்கும் என்றால் 5. வீட்டு உடைக்கு இதுதான் கணக்கு. மண் வேலை தினமும் இருக்காது என்பதால் அதற்கு 3 போதும். வெளியே போகிற உடை வாரத்துக்கு இரண்டு தடவைதான் தேவை என்றால், உங்கள் பீரோவில் இருப்பதில் கால்வாசியே அதிகம்.

இனி வேலைத் துணி. இதில் நமக்குப் பாடம் எடுக்கத் தகுதியானவர்கள் கட்டட வேலைக்கும் களை எடுக்கவும் போகும் பெண்கள். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வேறு சட்டை இல்லாமல் அப்படிப் போடுவதாகப் பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட கை வெயிலை மறைக்கும். வெண்டைச் செடியின் சுணை, கம்பளிப்பூச்சி, எலுமிச்சை முள் எதுவும் நேராகத் தோலில் படாது. காலர் பிடரியைக் காக்கும். குனிந்து வேலை செய்யும்போது இடுப்பு வெளியே தெரியாது. முன்பையில் செல்போன் வைக்கலாம். யாரும் வரைந்து கொடுக்காமல் வேலையிலேயே உருவான சீருடை அது. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆண்களின் பழைய பருத்திச் சட்டையில் முழங்கை கிழியாதவை மூன்று கிடைத்தால் அந்தப் பாதிக்குச் செலவே இல்லை. பாலியஸ்டர் கலந்த சட்டை மட்டும் வேண்டாம், வியர்த்தால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

கீழே என்ன போடுவது? நைட்டியை நான் திட்டப்போவதில்லை, காற்றோட்டத்துக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ஏணியில் ஏறும்போது அதன் விளிம்பு காலில் மாட்டும், உட்கார்ந்து களை பிடுங்கினால் சேற்றில் புரளும். வழவழப்பான செயற்கைத் துணி நைட்டி அடுப்புப் பக்கமும் ஆபத்து, பற்றினால் உருகித் தோலோடு ஒட்டும். தோட்டத்துக்கும் பெயின்ட் வேலைக்கும் கணுக்காலுக்கு மேலே நிற்கிற, இடுப்பில் நாடா வைத்த பருத்தி பேன்ட் நல்லது. கடையில் தேடாமல் தெரு முனைத் தையல்காரரிடம் தைக்கச் சொல்லுங்கள். அவரிடம் சொல்லவேண்டியது மூன்று. தொடை இடுக்கில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்கவேண்டும், குந்தி உட்காரும்போது பேன்ட் கிழிவது அந்த இடத்தில்தான். முழங்காலில் உள்பக்கம் இன்னொரு துணி கொடுக்கவேண்டும். தொடைப் பக்கம் இரட்டைத் துணியில் ஆழமான பாக்கெட் வேண்டும், கத்தரிக்கோல் ஒற்றைத் துணியை ஒரே வாரத்தில் ஓட்டை போட்டுவிடும். இந்த பாக்கெட் விஷயத்தை விவசாயிகளின் பட்டாப்பட்டி டவுசர் எப்போதோ தீர்த்துவிட்டது. பெண்கள் உடைக்கு மட்டும் அந்த யோசனை இன்னும் வந்து சேரவில்லை.

துணி எடுக்கும்போது ஒரு வேலை. வெட்டுவதற்கு முன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு, காயவைத்து, அப்புறம் தைக்கக் கொடுங்கள். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கத்தான் செய்யும், தைத்தபின் சுருங்கினால் அந்தப் பேன்ட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான் கொடுக்கவேண்டும்.

நிறத்தை உங்கள் மண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கோவைப் பக்கம் ஒரு தெரு செம்மண், இரண்டு மைல் தள்ளிப் போனால் கரிசல். செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துருவின் நிறம். வெள்ளையில் அது ஏறிவிட்டது என்று பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றாதீர்கள். குளோரின் பட்டால் இரும்புக் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். செம்மண் தோட்டமென்றால் காவி, செங்கல், பழுப்பு. கரிசல் என்றால் சாம்பல், பச்சை. கறுப்பும் அடர்நீலமும் கறையை மறைக்கும், ஆனால் பகலில் கடிக்கும் டெங்குக் கொசுவுக்கு அடர்நிறம்தான் பிடிக்கும், வெயிலையும் இழுக்கும்.

கறை பற்றித் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் நல்லதாக வாங்கியதெல்லாம் போனது அதனால்தானே. வாழைக்கறையில் நம்பிக்கை வைக்காதீர்கள். தெறிக்கும்போது தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும், காற்றுப் பட்டுக் காய்ந்த பிறகுதான் கறுப்பாக மாறும். ஈரமாக இருக்கும்போதே எலுமிச்சை தேய்த்து அலசினால் ஓரளவு தப்பிக்கலாம். காய்ந்துவிட்டால் அது அந்தத் துணியோடுதான் இருக்கும். அதனால் வாழைக்கென்று ஒரே ஒரு சட்டை வைத்துக்கொள்ளுங்கள், தார் வெட்டுவதும் இலை அறுப்பதும் அதில்தான். மஞ்சள் கறை பார்க்கத்தான் பயங்கரம். சோப்பு பட்டதும் சிவந்துபோகும், பயப்படாமல் அலசி நல்ல வெயிலில் போடுங்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் அழியக்கூடியது. சேற்றை ஈரத்தோடு தேய்த்தால் இழைக்குள் போய்விடும். காயவிட்டு உதறி, பிரஷ்ஷால் தட்டிவிட்டு அப்புறம் ஊறவையுங்கள், வாஷிங்மெஷினுக்குள் மண்ணும் போகாது.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் தண்ணீரில் கரைந்தது, ஈரம் இருக்கும்வரை குழாயடியில் போய்விடும், காய்ந்தால் பிளாஸ்டிக். கதவு ஜன்னலுக்கு அடிக்கும் இனாமலுக்கு டர்பன்டைன் வேண்டும். பட்டுத் துணியோடு சுண்ணாம்பு, சிமென்ட் பக்கம் போகவே போகாதீர்கள். இரண்டும் காரம், காரத்தில் பட்டு இழை அரிக்கும். பருத்தி தாங்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்புக் கட்டி நுரைக்காமல் துணியில் சாம்பல் படிவாக நிற்கும். அதற்குப் பவுடர்தான் சரிப்படும்.

இனி வேலைத் துணிக்கும் வெளியே போகிற துணிக்கும் நடுவில் உள்ள உடை. உங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துப்பட்டா தொங்கிக்கொண்டிருக்கும் என்று பந்தயம் கட்டலாம். கூரியர் வந்தால், கேஸ் சிலிண்டர் வந்தால், கீரைக்காரம்மா கூப்பிட்டால் நைட்டி மேல் அதைச் சுற்றிக்கொண்டு ஓடுவதற்கு. தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் அது இருக்கிறது. வாசலுக்கும் தெருமுனைக் கடைக்கும், வீடியோ காலுக்கும், திடீரென்று வந்த சித்திக்கும் பொருந்துகிற ஒரு உடை நம்மிடம் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. வேலைத் துணிக்கு அடுத்தபடி காசு போடவேண்டியது இங்கேதான். முழங்காலுக்குக் கீழ் வருகிற பருத்தி குர்தி, பாக்கெட்டோடு பேன்ட். மேலே சொன்ன கணக்கில் 4 அல்லது 5 செட். நீங்கள் கணக்கு வேலை பார்ப்பதும், சமைப்பதும், பால் வாங்கப் போவதும் எல்லாம் இதில்தான்.

வீட்டில் புடவை கட்டிப் பழகியவர் என்றால் கடினமாக உழைக்கிற புடவை நம்மிடமே உண்டு. காரைக்குடிக் கண்டாங்கி தடித்த பருத்தி, பெரிய கட்டம், அகலக் கரை. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு அலங்காரப் பொருள் மாதிரி பேசுகிறார்கள், உண்மையில் அது அன்றாட வேலைக்கான புடவை. துவைக்கத் துவைக்கத்தான் மெத்தென்று ஆகும். பொள்ளாச்சி பக்கத்து நெகமம் பருத்தியும் இந்த ரகம். மதுரைச் சுங்குடி லேசானது, கோடைக்கு நல்லது. நூலால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதுதான் அசல், இன்று அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி அச்சடித்தது. வீட்டுக்கு அச்சடித்ததே போதும், அசல் விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். கோவைக் கோரா உள்ளூர்ச் சரக்கு என்று வீட்டுக்கு எடுத்துவிடாதீர்கள். அதில் பட்டு இழையும் கலந்திருக்கும், வெளியே போகும்போது கட்டிக்கொள்ளுங்கள். புதுப் பருத்தியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். ஏற்கெனவே ஏறிய சாயத்தை உப்பு பிடித்துவைக்காது. ஒட்டாத சாயம் தீரும்வரை நான்கைந்து தடவை தனியாக அலசுங்கள், வேறு வழியில்லை.

பனியன் துணி டி-ஷர்ட் போடுபவராக இருந்தால், திருப்பூர் உங்களுக்குப் பக்கம். காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சம் கிடைக்கும். அந்த ஊரில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள் என்பதால் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 140 என்றால் மெல்லிசு, தோட்ட வேலைக்கு 180 இருக்கட்டும். அடுத்து, தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கித் தொங்கவிட்டுப் பக்கத் தையலைப் பாருங்கள். அக்குளிலிருந்து நேராக இறங்காமல் வயிற்றுப் பக்கம் திரும்பினால், ஒவ்வொரு துவைப்பிலும் அது இன்னும் முறுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு மலிவு என்றாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

பத்தாத ஜாக்கெட் விஷயம். புடவை எந்த உடம்புக்கும் பொருந்தும், ஜாக்கெட்தான் பொருந்தாது. அதனால் புடவையைப் பார்த்துக் கழிக்காதீர்கள், ஜாக்கெட்டைப் பாருங்கள். உள்பக்கம் திருப்பினால் பக்கத் தையலுக்கு வெளியே துணி மடித்து விட்டிருக்கிறதா என்று தெரியும். ஓர் அங்குலம் இருந்தாலும் தையல்காரர் பிரித்துவிடுவார். இல்லையென்றால் கைக்குழிக்குக் கீழே அதே நிறத்தில் துண்டு வைக்கலாம், கை தூக்கினால் தவிர தெரியாது. ஒவ்வொரு புடவைக்கும் ஒரு ஜாக்கெட் என்ற பழக்கத்தையும் விடுங்கள். கறுப்பு, மெரூன், கடுகு மஞ்சள், ஒரு கலம்காரி அச்சு, இந்த நான்கு சரியான அளவில் இருந்தால் உங்களிடம் இருக்கும் பருத்திப் புடவைகளில் பெரும்பாலானவை மறுபடி உயிர் பெறும். தைக்கும்போது லைனிங் துணியை முதலில் நனைத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். அது மேல் துணியைவிட அதிகம் சுருங்கினால் ஜாக்கெட் முழுக்கச் சுருக்கம் விழுந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிப் பிரிக்கும் வேலை வேண்டாம். மதியத்துக்குள் களைத்துப்போய் அப்படியே திருப்பி அடுக்குவீர்கள். அதற்குப் பதில், துவைத்து வந்ததை எப்போதும் அடுக்கின் மேலேயே வையுங்கள். இரண்டு மாதத்தில் அடியில் தங்கியது எதுவோ, அதை நீங்கள் போடவில்லை என்று அர்த்தம். பட்டுக்கும் கல்யாணப் புடவைக்கும் மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது.

ஆடித் தள்ளுபடியைப் பற்றி. தோட்டக்காரருக்கு ஆடி ரொம்ப அசௌகரியமான மாதம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஒரு பக்கம் மண் கூப்பிடும், இன்னொரு பக்கம் ஜவுளிக்கடை கூப்பிடும். என் யோசனை, வேலைத் துணியை ஆனிக்குள் தைத்து வைத்துவிடுங்கள். ஆடியில் கடைக்குப் போனால் லைனிங், ஜாக்கெட் பிட், உள்பாவாடை, துண்டு இதோடு வெளியே வாருங்கள், புடவை மாடிக்கு ஏறவேண்டாம். நடுவில் உள்ளது என்று சொன்ன உடைக்கும் கைத்தறிப் புடவைக்கும் தீபாவளிவரை பொறுங்கள், கோ-ஆப்டெக்ஸில் அப்போது 30 சதவீதம் தள்ளுபடி கொடுப்பது வழக்கம். 1935இலிருந்து இருக்கிற கூட்டுறவுச் சங்கம், கைத்தறியா விசைத்தறியா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. வெளியே போகும் உடையைத் தை மாதத்துக்குப் பிறகு யோசிக்கலாம். அதற்குள் மேலடுக்கு, அடியடுக்கு கணக்கும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டு வேலை நடக்கும்போது பீரோவையே கவனிக்கவேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. புதுப் பூச்சும் சுண்ணாம்பும் அடித்த சுவர் வாரக்கணக்கில் ஈரத்தை வெளியே விடும். அதை ஒட்டி பீரோவைத் தள்ளினால் பின்தகடு துருப்பிடிக்கும், உள்ளே பூஞ்சை பிடிக்கும். நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கஞ்சி போட்ட துணியை அப்படியே மாதக்கணக்கில் உள்ளே வைக்காதீர்கள், கஞ்சிக்கு வெள்ளிப்பூச்சி வரும், அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டு வையுங்கள். பட்டைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துப் பழைய வேட்டியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். நாப்தலீன் உருண்டை சரிகையில் படவேண்டாம். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் ஒரு துணி மூட்டையில் கட்டிப் போட்டால் போதும்.

கழித்ததை என்ன செய்வது என்றால், நல்ல நிலையில் இருப்பதைக் கொடுத்துவிடுங்கள், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. போகிக்குக் கொளுத்த வேண்டாம், பாலியஸ்டர் புகை நல்லதில்லை. மீதிக்கு உங்கள் தோட்டத்திலேயே வேலை இருக்கிறது. பழைய வேட்டியையும் பனியன் துணியையும் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்துக்கொண்டால் தக்காளிக்கும் பாகலுக்கும் கட்டலாம். பனியன் துணி தண்டு பருக்கப் பருக்க இழுத்துக்கொடுக்கும், சணல் மாதிரி அறுக்காது. செயற்கைப் புடவையை அப்படிக் கிழிக்காதீர்கள், நூல் பிரிந்து மண்ணில் கலந்தால் மக்காது. அதை முழுசாக வேலியில் கட்டுங்கள். மயிலுக்கும் பன்றிக்கும் பயந்து வயல்காடுகளில் கலர் கலராகக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பன்றி எவ்வளவு பயப்படுகிறதோ தெரியாது, மயில் கொஞ்ச நாளில் பழகிவிடும், அப்போது புடவையை இடம் மாற்றிக் கட்டவேண்டும்.